ஓடைக்கரைக்குக் கல் மூங்கில்

காவேரிப்பட்டணம்,
புரட்டாசி 8.

அன்புள்ள மகள் தேன்மொழிக்கு, அப்பா எழுதுவது. இங்கு நானும் உன் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தோட்டத்தில் மூங்கில் வைக்கப்போகிறேன் என்று தொலைபேசியில் சொன்னவுடன் நீ கேள்விகளை அடுக்கினாய். குவாஹாட்டியில் வீட்டுக்கு வீடு மூங்கில் இருக்கிறது என்பதற்காகக் கிருஷ்ணகிரிச் செம்மண்ணிலும் அது வந்துவிடுமா, தண்ணீருக்கு எங்கே போவீர்கள், சுற்றுச்சுவரைப் பிளந்துவிடாதா, பாம்பு வந்து அடையாதா, எழுபது வயதை நெருங்குகிறவர் அதை வெட்டிப் பராமரிக்க ஆளுக்கு எங்கே அலைவார் என்றெல்லாம் கேட்டாய். அவை அனைத்தையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் ஓசூர்ப் பக்கம் நடந்த மூங்கில் விழாவுக்குப் போனோம். கண்டதையும் கேட்டதையும் அங்கேயே எடுத்த முடிவுகளையும் தொலைபேசியில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதுகிறேன். கடைசியில் உன்னிடமும் மாப்பிள்ளையிடமும் கேட்டு முடிவு செய்ய வேண்டிய ஒன்றும் இருக்கிறது.

செப்டம்பர் 18ஆம் நாளை உலக மூங்கில் தினம் என்று 2009இல் பாங்காக்கில் கூடிய உலக மூங்கில் மாநாட்டில் அறிவித்தார்களாம். அதை ஒட்டி ஒரு பெரிய நாற்றுப்பண்ணையில் பந்தல் போட்டு விழா நடத்தினார்கள். கிருஷ்ணகிரியில் பேருந்து மாறி, சூளகிரி வழியாகப் போய் இறங்கியபோது வெயில் ஏறிவிட்டது. பந்தலின் முன்பகுதி முழுவதும் கடைகள்தாம். மூங்கில் பல் துலக்கி, மூங்கில் தண்ணீர்க் குடுவை, மூங்கில் அரிசிப் பாயசம், மூங்கில் நாற்காலி என்று நீண்ட வரிசை. மூங்கில் நூலாடை என்று ஒரு கடையில் மிருதுவான சட்டைகளை விற்றார்கள். விற்றவரிடம் துருவிக் கேட்டபோது, மூங்கிலைக் கூழாக்கி ரசாயனத்தில் கரைத்து இழுத்த விஸ்கோஸ் நூல் அது என்று ஒத்துக்கொண்டார். மூங்கிலில் எஞ்சியிருப்பது பெயர் மட்டுமே என்று சொல்லி உன் அம்மா என் கையிலிருந்த சட்டையை வாங்கித் திரும்ப வைத்துவிட்டாள்.

கடைகளில் என்னை நிறுத்தி வைத்தவர் ஒகேனக்கல்லிலிருந்து வந்திருந்த பரிசல் கட்டும் பெரியவர் ஒருவர்தான். பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்கும் பரப்பி, நடுவில் காலால் மிதித்தபடி விளிம்பை வளைத்து வளைத்து அவர் பின்னிய வேகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். முன்பெல்லாம் அடியில் தோலைப் போர்த்தினார்களாம். இப்போது பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தித் தார் பூசுகிறார்கள். இளங்கழியைப் பிளந்தால் காய்ந்தபின் சுருங்கிப் பின்னல் தளர்ந்துவிடும், நன்றாக முற்றியதைப் பிளந்தால் வளைக்கும்போது ஒடியும், ஆகவே கழியின் வயதை அறிந்து வெட்டத் தெரிந்தவனுக்குத்தான் மூங்கில் என்றார். வெண்பொடி படர்ந்து கணுவில் உறை ஒட்டியிருந்தால் அந்த ஆண்டுக் கழி என்றும், பொடி உதிர்ந்து பச்சை மங்கி, மேலே பாசியும் வெள்ளைத் திட்டுகளும் ஏறினால் மூன்று நான்கு ஆண்டு கடந்த கழி என்றும் தொட்டுத் தொட்டுக் காட்டினார். பண்ணைக்காரர்கள் பலகையில் எழுதி வைத்திருந்ததைக் காட்டிலும் எனக்கு இது பயன்பட்டது. ஏனென்றால் மூங்கிலைத் தேர்ந்தெடுப்பதில் பாதி, பின்னால் அதை எப்போது யார் வெட்டப்போகிறார்கள் என்பதில் அடங்கியிருக்கிறது.

இனி உன் கேள்விகளுக்கு வருகிறேன். முதலில் தண்ணீர். நம் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 850 மில்லிமீட்டர் அளவில்தான் மழை. உங்கள் ஊரில் ஏறத்தாழ அதற்கு இருமடங்கு பெய்கிறது. ஆகவே அங்கு வீட்டுக்குப் பின்னால் செழித்து நிற்கும் மூங்கிலைப் பார்த்து அதே இனத்தை இங்கு நட்டால் நீ சொல்வதுபோல் தண்ணீர் ஊற்றியே அலுத்துவிடுவோம். ஆனால் மூங்கில் என்பது ஒரே செடி அல்ல. இந்தியாவில் மட்டும் 136 வகைகள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள், அவற்றில் பெரும்பகுதி வடகிழக்கில் இருந்தாலும் நம் அஞ்செட்டி மலைக்காடுகளிலும் ஒகேனக்கல் பள்ளத்தாக்கிலும் யாரும் தண்ணீர் ஊற்றாமலே இரண்டு வகைகள் காலங்காலமாக நிற்கின்றன. ஒன்று முள் மூங்கில், மற்றொன்று கல் மூங்கில். முள் மூங்கில் நீரோட்டத்தை ஒட்டி வளர்வது, உயரமும் பருமனும் உள்ளது, ஆனால் அடியில் பின்னிக் கிடக்கும் முட்கிளைகளைத் தாண்டி ஒரு கழியை வெட்டி எடுப்பதற்குள் உடம்பு கிழிந்துவிடும். கல் மூங்கில் வறண்ட சரிவுகளுக்கு உரியது. நடுவில் துளை மிகச் சிறியதாக, சில கழிகளில் அறவே இல்லாமல், கெட்டியாக இருக்கும். காவலர்கள் கையில் வைத்திருக்கும் தடி இதுதான். கோடையில் இலையை உதிர்த்துவிட்டுச் செத்ததுபோல் நின்று, முதல் மழைக்கு மீண்டும் தழைக்கும். நட்ட முதல் இரண்டு கோடைகளில் தண்ணீர் விட்டு வேர்பிடிக்கச் செய்துவிட்டால் அதற்குப் பிறகு நம் ஆழ்துளைக் கிணற்றை அது நம்பியிருக்கப்போவதில்லை.

தோட்டத்தின் தெற்கெல்லையில் ஓடும் ஓடை ஒவ்வொரு மழைக்கும் கரையை அரித்துத் தென்பெண்ணைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது உனக்குத் தெரியும். நான் நில அளவையராக இருந்தவன். அடுத்தவர் நிலத்து எல்லைக்கற்களை எல்லாம் நட்டுவிட்டு என் சொந்த நிலத்தின் தென்மேற்குக் கல் சாய்ந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. மூங்கிலின் வேர் ஆணிவேர் அல்ல. அது புல் இனம். மேல்மண்ணில் அடர்த்தியாகப் பரவும் சல்லிவேர்கள் மண்ணை அள்ளிப் பிடித்துக்கொள்கின்றன. அதனால் ஓடைக்கரைக்குக் கல் மூங்கில்தான் என்பது மறுபேச்சில்லாமல் முடிவாயிற்று.

ஆனால் எந்தக் கன்று என்பதில்தான் நெடுநேரம் நின்றோம். ஒரே கல் மூங்கிலை இரண்டு விதமாக விற்றார்கள். ஒன்று, விதையிலிருந்து முளைத்த சிறு நாற்று. புல்லைப்போல் மெலிந்து, பைக்குள் பாவமாக நின்றது. மற்றொன்று, பழைய குத்திலிருந்து, அதாவது கழிகள் கூட்டமாக நிற்கும் மூங்கில் புதரிலிருந்து, கிழங்கோடு பெயர்த்து வளர்த்தது. விரல் பருமனில் கழி விட்டு, பார்ப்பதற்கே திடமாக இருந்தது, விலையும் கூடுதல். உன் அம்மா இரண்டாவதைக் கையில் எடுத்துவிட்டாள். நான்தான் தடுத்தேன். மூங்கில் பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை பூக்கிறது. பூத்து விதை கொட்டியதும் பெரும்பாலும் குத்து முழுவதும் காய்ந்து செத்துவிடுகிறது. ஒரே விதைப்பருவத்தில் முளைத்தவை எங்கெங்கோ பிரித்து நடப்பட்டிருந்தாலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் பூக்கின்றன. தாய்க்குத்திலிருந்து கிழங்கு வெட்டி நட்டால், அந்தக் கன்று நமக்குப் புதிதாக இருந்தாலும் அதன் உள்வயது தாயின் வயதேதான். தாய் இன்னும் ஐந்தாறு ஆண்டில் பூக்க இருந்தால் நம் ஓடைக்கரையும் அதே ஐந்தாறு ஆண்டில் மொட்டையாகிவிடும். தாய்க்குத்து எப்போது முளைத்தது என்று பண்ணையாளரிடம் கேட்டேன். நேர்மையான மனிதர், பழைய குத்து, வயது தெரியாது என்று சொன்னார். பட்டாவும் மூலப்பத்திரமும் பார்க்காமல் நிலம் வாங்குகிறவன் நான் அல்லன். விதை நாற்றில் ஐந்து எடுத்தோம். அவை தடித்த கழி விட இன்னும் சில ஆண்டுகள் கூடுதலாக ஆகும், ஆனால் முழு ஆயுளும் முன்னால் இருக்கிறது.

மூங்கில் பூப்பதைப் பற்றி மாப்பிள்ளை வீட்டில் பெரியவர்கள் நிறையச் சொல்லியிருப்பார்கள். 1959இல் மிசோ மலைகளில் மூங்கில் ஒட்டுமொத்தமாகப் பூத்தபோது அந்த விதையைத் தின்று எலிகள் பெருகி, விதை தீர்ந்ததும் வயலுக்குள் இறங்கி விளைச்சலை அழித்து, பெரும் பஞ்சம் வந்தது. அப்போது அந்த மலைகள் அசாம் மாநிலத்தின் ஒரு மாவட்டமாகவே இருந்தன. பஞ்ச நிவாரணத்துக்காகத் தொடங்கிய அமைப்பு ஒன்றே பிறகு அரசியல் இயக்கமாக மாறியது. ஏறத்தாழ 48 ஆண்டுகள் கழித்து, 2007ஐ ஒட்டி, அதே மூங்கில் மீண்டும் பூத்தது. நம் ஐந்து கன்றுகளால் அப்படியொன்றும் வந்துவிடாது. ஆனாலும் கன்றின் பிறந்த ஆண்டை நாட்குறிப்பில் எழுதி, எந்த எல்லைக்கல்லிலிருந்து எத்தனை அடியில் நட்டேன் என்ற வரைபடத்தையும் அதோடு ஒட்டி வைத்திருக்கிறேன். ஒருநாள் அவை பூக்கும்போது நோய் என்று நினைத்து யாரும் மருந்து தெளித்துக்கொண்டிருக்கக் கூடாது.

அடுத்து சுவர். மூங்கிலில் குத்தாக வளர்பவை, ஓடிப் படர்பவை என்று இரண்டு பிரிவுகள் உள்ளன. சீனா, ஜப்பான் போன்ற குளிர்நாடுகளில் வளரும் பல வகைகளின் கிழங்கு மண்ணுக்கடியில் நெடுந்தூரம் ஓடி, பக்கத்து வீட்டுத் தரையில் முளைத்து வழக்கு வரைக்கும் இழுத்துவிடும். விழாவிலும் அப்படிப்பட்ட ஒரு மெல்லிய அழகான செடியைத் தொட்டியில் வைத்திருந்தார்கள். பெயர் ஃபில்லோஸ்டாகிஸ் என்று கேட்டதுமே விலகிவிட்டேன். நம் நாட்டுச் சமவெளி மூங்கில்கள் பெரும்பாலும் குத்து வகை. கிழங்கு ஒரு முழத்துக்கு மேல் ஓடாமல் அருகிலேயே தலைதூக்கும். ஆலும் அரசும் சுவரின் வெடிப்பில் வேர் நுழைத்துப் பிளப்பதுபோல் மூங்கில் பிளப்பதில்லை. ஆனால் குத்து ஆண்டுக்காண்டு வெளிப்பக்கமாகப் பெருத்துக்கொண்டே போகும் என்பதால், சுவரிலிருந்தும் கழிவுநீர்த் தொட்டியிலிருந்தும் 15 அடிக்குக் குறையாமல் விட்டிருக்கிறேன். எல்லையிலிருந்தும் அதே 15 அடிதான். கழி சாய்ந்து அடுத்தவர் மாங்கிளையில் உராய்ந்தால் முதலில் வருவது பேச்சு, பிறகு வருவது மனு. எத்தனை மனுக்களுக்கு நான் சங்கிலி பிடித்திருக்கிறேன் என்பது எனக்கல்லவா தெரியும்.

மேற்கு எல்லையில் பட்டுப்போன இரண்டு மாமரங்களை எடுத்தபிறகு நெடுஞ்சாலைப் புழுதியும் பிற்பகல் வெயிலும் நேராகத் திண்ணைக்கு வருகின்றன. அந்த இடத்துக்கு உயரமும் அடர்த்தியும் வேண்டும், பருமன் வேண்டாம். மியான்மர், தாய்லாந்து நாடுகளைச் சேர்ந்த தைர்சோஸ்டாகிஸ் சயாமென்சிஸ் என்ற வகையை அதற்காக எடுத்தேன். குடைக் கைப்பிடிக்குப் பயன்படுவதால் குடை மூங்கில் என்றே பண்ணையில் அழைத்தார்கள். விரல் அல்லது மணிக்கட்டுப் பருமனில் கழிகள் நெருக்கமாக எழும்பி 25 முதல் 40 அடி உயரம் வரை நேராக நிற்கும். முள் இல்லை. கல் மூங்கில் அளவுக்கு இல்லாவிட்டாலும் வறட்சியைத் தாங்கும். ஓரளவு வளர்ந்தபின் அதிலிருந்து வரும் மெல்லிய கழிகளைத் தக்காளிச் செடிக்குக் குச்சி நடக் கேட்டு நம் பக்கத்துத் தோட்டக்காரர் இப்போதே சொல்லி வைத்துவிட்டார்.

பாம்பைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், வராது என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. மூங்கில் விரியன் மலைக்காட்டுப் பாம்பு, காவேரிப்பட்டணத்துக்கு இறங்கி வராது. ஆனால் நல்ல பாம்பும் சாரையும் மூங்கிலைத் தேடி வருவதில்லை, அடியில் குவியும் செத்தையில் ஓடும் எலியைத் தேடி வருகின்றன. மூங்கில் இலை சுலபத்தில் மக்காது, குவிந்துகொண்டே இருக்கும். கோடையில் ஒரு பீடித்துண்டு போதும், பற்றிக்கொள்ளும். அதனால் மாதம் ஒருமுறை செத்தையை வாரி மாமரங்களின் பாத்தியில் மூடாக்காகப் போட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். குத்தின் அடி வெறுமையாகத் தெரியும்படி வைத்திருந்தால் எலியும் இல்லை, எலியைத் தேடி வருவதும் இல்லை. வீட்டுப் பக்கம் எதையும் நடாததற்கு இதுவும் காரணம்.

அஞ்செட்டி மாமாவுக்குக் கல் மூங்கில் நாற்று வாங்கி வர வேண்டுமா என்று தொலைபேசியில் கேட்டபோது அவர் வேண்டும் என்றார். பண்ணையில் நின்று யோசித்தபிறகு நானே வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அங்கே கேழ்வரகு கதிர் வாங்கும் பருவத்தில் யானைக்கூட்டம் காட்டோரத்து நிலங்களில் இறங்குகிறது. யானைக்கு மூங்கிலைவிட விருப்பமான தீனி குறைவு. வீட்டுக்குப் பின்னால் மூங்கில் வைப்பது அதற்கு இலை போட்டுக் காத்திருப்பது போலாகும். மாமா சற்று வருத்தப்பட்டார். நீ பேசும்போது இதை எடுத்துச் சொன்னால் கேட்டுக்கொள்வார், உன் பேச்சுக்கு அங்கே மதிப்பு அதிகம்.

விழாவில் எல்லோரும் பீமா மூங்கிலைச் சூழ்ந்துகொண்டிருந்தார்கள். அது உங்கள் பக்கத்து இனம்தான். அசாமிலும் வங்காளத்திலும் வளரும், மாப்பிள்ளை ஊரில் பலுகா என்று சொல்கிற, பாம்பூசா பல்கூவா இனத்திலிருந்து தேர்ந்தெடுத்து, ஓசூரிலுள்ள குரோமோர் பயோடெக் நிறுவனம் திசு வளர்ப்பு முறையில் பெருக்கிப் பரப்பியது. முள் இல்லை, சுவர் தடித்த கழி, வேகமான வளர்ச்சி. இந்த இனம் விதை கட்டுவதில்லை என்பதால் திசு வளர்ப்போ போத்தோ இல்லாமல் பெருக்க முடியாது. ஏக்கர் கணக்கில் நட்டு எரிபொருளுக்கோ கட்டுமானத்துக்கோ வெட்டி விற்கிறவர்களுக்கு அது நல்ல பயிர். சொட்டுநீரும் உரமும் தொடர்ந்து கொடுத்தால்தான் அவர்கள் காட்டும் வளர்ச்சி வரும் என்பதைப் பேச்சாளரே சொன்னார். எனக்கு விற்பனை நோக்கம் இல்லை. வாரம் தவறாமல் குழாய் திறந்து மூட எனக்குப் பிறகு இங்கே யார் இருக்கிறார்கள் என்பதும் தெரியவில்லை. எனவே விட்டுவிட்டேன்.

அப்படி விட்டவை இன்னும் உண்டு. ராட்சத மூங்கில் என்று 100 அடி உயரம் போகும் ஒன்றை, ஒருவர் இரு கைகளாலும் சுற்றிப் பிடிக்கும் பருமனில் வெட்டி நிறுத்தி வைத்திருந்தார்கள். பார்ப்பதற்குப் பிரமிப்புதான், ஆனால் நம் 40 சென்ட்டில் அதை வைத்தால் மற்றதெல்லாம் அதன் நிழலில் வாழ வேண்டும், ஈரமும் நிறையக் கேட்கும். பச்சைக் கோடு ஓடிய மஞ்சள் மூங்கில் உன் அம்மாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது. அழகுக்காக மட்டும் இவ்வளவு இடமா என்று நான் சொல்ல, திண்ணையில் நீங்கள் உட்காரும் நாற்காலி மட்டும் அழகுக்கு இல்லையா என்று அவள் கேட்க, பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவளுக்காகப் புத்தர் வயிற்று மூங்கில் ஒன்றைத் தொட்டியில் வாங்கினேன். தொட்டியில் குறுகிய வேரோடு தண்ணீரைக் கட்டுப்படுத்தி வைத்தால்தான் கணுக்களுக்கு இடையே வயிறுபோல் உப்பும். தரையில் நட்டால் சாதாரண மூங்கிலாக நெடுநெடுவென்று உயர்ந்துவிடும். கூடத்தில் நீ வாங்கி வைத்துவிட்டுப் போன அதிர்ஷ்ட மூங்கில், மூங்கிலே அல்ல, ஆப்பிரிக்காவின் டிரசீனா இனச் செடி என்பதையும் அங்கே சொன்னார்கள். அதற்காக அதை நாங்கள் தூக்கி எறிந்துவிடவில்லை.

பாடை கட்டுகிற மரத்தை வீட்டில் வளர்ப்பதா என்று உன் பெரியம்மா எதிர்ப்புத் தெரிவித்திருக்கிறார். உன் கல்யாணத்துக்கு முகூர்த்தக்கால் நட்டபோது மூங்கிலைத் தேடி அவர்தான் எங்களை அலையவிட்டார் என்பதை நினைவூட்டினேன். தலைவாசலில் நின்றால் கண்ணில் படாத இடமாக இருக்கட்டும் என்ற அளவுக்கு இறங்கி வந்திருக்கிறார்.

வெட்டுவதற்கு வனத்துறை அனுமதி வேண்டாமா என்று கேட்டாய். 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டத்தில் மரம் என்ற சொல்லின் விளக்கத்துக்குள் மூங்கிலும் சேர்க்கப்பட்டிருந்தது. 2017இல் வந்த திருத்தம் அதை நீக்கிவிட்டது. காட்டுக்கு வெளியே சொந்த நிலத்தில் வளர்த்ததை வெட்டவோ கொண்டு செல்லவோ அந்தச் சட்டத்தின்கீழ் இப்போது தடையில்லை.

வெட்டும் முறையை விரிவாகவே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் கூலிக்கு ஆள் வைத்து வெட்டினாலும் சொல்லத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும். மூங்கில் முளை மண்ணைவிட்டு வெளியே வரும்போது எந்தப் பருமனில் வருகிறதோ அதே பருமன்தான் கடைசிவரை. சில மாதங்களில் முழு உயரத்தையும் எட்டிவிடும். அதன்பிறகு பருப்பதில்லை, உயர்வதில்லை, உள்ளே கெட்டிப்படுவது மட்டும்தான். முதல் ஆண்டுகளில் குச்சிகுச்சியாக வருவதைப் பார்த்து வளம் போதவில்லை என்று எண்ண வேண்டாம். கிழங்கு வலுக்க வலுக்க அடுத்தடுத்த மழைக்கு வருபவை தடித்து வரும். மழைக்காலத்தில், முளை வெளிவரும் நேரத்தில், குத்துக்குள் கத்தி நுழையக் கூடாது. மழை ஓய்ந்து குளிர் தொடங்கியபின் மூன்று ஆண்டைக் கடந்தவற்றை மட்டும் எடுக்க வேண்டும். புதுக்கழிகள் வெளிவட்டத்தில் வருவதால், பழையவை நடுவில் நெருங்கி நின்று மூச்சுவிட இடமில்லாமல் செய்துவிடும். ஒரு பக்கம் வழிவிட்டு லாட வடிவில் உள்ளே போய் நடுவிலிருந்து வெட்டி வரச் சொன்னார்கள். தரையிலிருந்து முதல் கணுவுக்கு அல்லது இரண்டாவது கணுவுக்குச் சற்று மேலே வெட்ட வேண்டும். கணுவுக்கு மேல் நீளமாக விட்டு வெட்டினால் அந்தக் குழியில் மழைநீர் தேங்கி டெங்கு கொசு முட்டையிடும். ஒவ்வொரு ஆண்டும் புதிதாக வரும் கழிகளில் அந்தந்த ஆண்டுக்கென்று வேறு வேறு நிறப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிட்டால் வயதை யாரும் ஊகிக்க வேண்டியதில்லை. இந்த யோசனை என்னுடையது என்று பெருமைப்பட நினைத்தேன், ஆனால் பண்ணைக்காரர்கள் ஏற்கெனவே அப்படித்தான் செய்துவருகிறார்கள்.

வெட்டிய பச்சைக் கழியை அப்படியே பந்தலுக்குப் போட்டால் அதிலுள்ள மாவுச்சத்துக்காக வண்டு துளைத்து, ஓராண்டில் உளுத்து மாவாகக் கொட்டும். தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். நம்பிக்கைக்கு அதையும் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் சில வாரங்கள் தண்ணீரில் ஊறப்போட்டு மாவுச்சத்தை வெளியேற்றுவதும், போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் ஊறவைப்பதும்தான் நிச்சயமான வழிகள்.

ஓடைக்கரையில் ஐந்து கல் மூங்கில்களையும் மேற்கில் மூன்று குடை மூங்கில்களையும் நட்டாயிற்று. இரண்டடிக் குழி, அடியில் தொழுவுரமும் மேல்மண்ணும், சுற்றிலும் வட்டப்பாத்தி. ஐப்பசி மழை நன்றாகப் பெய்தால் முதல் கோடைக்குள் வேர் பிடித்துவிடும்.

குளியலறைத் தண்ணீர் போய்ச் சேரும் கிழக்கு வாய்க்கால் ஓரத்தில், சுவரிலிருந்து 20 அடி தள்ளி, ஒரு குழியை மட்டும் எடுத்து நிரப்பாமல் வைத்திருக்கிறேன். அந்த ஒரு இடத்தில் மட்டும் ஆண்டு முழுவதும் ஈரம் இருக்கும், ஆகவே நீர் கேட்கும் வகையைக்கூட வைக்கலாம். இதை நீயும் மாப்பிள்ளையும்தான் தீர்மானிக்க வேண்டும். சென்ற முறை வந்தபோது அவர் கொண்டு வந்த கொரிசாவை, புளித்த மூங்கில் குருத்தின் வாசனை தாங்காமல் உன் அம்மா முதலில் கதவைத் திறந்து வைத்தாலும், அடுத்த நாள் மீன்குழம்பில் சேர்த்ததும் அவளே இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டாள். குருத்துக்கென்றே தாய்லாந்து முதலிய நாடுகளில் வளர்க்கும் டென்ட்ரோகலாமஸ் ஆஸ்பர் என்ற இனிப்பு மூங்கில் அந்தப் பண்ணையில் இருக்கிறது. மாப்பிள்ளைக்குப் பழகிய சுவை பலுகா குருத்து என்றால் அதே இனத்துப் பீமாவை ஒன்று மட்டும் வாங்கி அங்கே வைக்கலாம். எந்த வகையாக இருந்தாலும் பச்சைக் குருத்தில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறதாம், நறுக்கி நன்றாக வேகவைத்து அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும் என்று விழாவில் எச்சரித்தார்கள். உங்கள் வீட்டில் எத்தனை முறை நீரை மாற்றுகிறார்கள், புளிக்க வைப்பதற்கு முன்பு வேகவைப்பதுண்டா, எந்த உயரத்தில் குருத்தை வெட்டுகிறார்கள் என்று உன் மாமியாரிடம் கேட்டு எழுது.

ஐப்பசி முடிவதற்குள் நடாவிட்டால் அடுத்த ஆனி வரை காத்திருக்க வேண்டியிருக்கும். கன்றை எடுத்து வைக்கப் பண்ணைக்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார், ஆனால் எந்தக் கன்று என்று பத்து நாளில் சொல்லச் சொன்னார். கடிதம் வந்து சேர்ந்தவுடன் தொலைபேசியில் பெயரை மட்டும் சொல்லிவிடு. மற்றதை விரிவாக எழுதலாம்.

அன்புடன்,
அப்பா.